ஏழெட்டுக்கு விடை சொல்லாத பள்ளிக்கூடம்

1

போன திங்கட்கிழமை என் மகள் வசந்தா படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் பினாங்குக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊரில் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற கடிதம் எதுவும் நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. நான் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் படித்தேன் என்று என் மனைவி தனபாக்கியம் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நம்பவேண்டாம். மூன்று நிமிடம்தான்.

பிறகு வசந்தாவையே படித்துச் சொல்லச் சொன்னேன். பன்னிரண்டு வயது. இங்கிலீஷைத் தண்ணீர் மாதிரி குடிக்கிறாள். தமிழைக் கஷாயம் மாதிரி.

"கணக்கு வகுப்பில் உங்கள் மகள் ஒரு கேள்விக்கு விடை சொல்லாமல் விசித்திரமான சத்தம் எழுப்புகிறாள். இப்போது மற்ற பிள்ளைகளும் எழுப்புகிறார்கள். தகப்பனார் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும்."

"இன்னா சத்தம்டி?" என்றேன்.

"உங்க சத்தம்தான் நைனா" என்றாள்.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுகொண்டே போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு நாலு வரி போதும். மிச்சத்தை ராயபுரம், தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று நம் பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கப்போகிற உங்களுக்கு அனுப்புகிறேன். உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். வசந்தாவின் டீச்சருக்குப் புரியவைக்க முதலில் ஒரு ரயில் வேண்டும்.

2

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் வேறு யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். என் பெயர் ஏகாம்பரம். பினாங்குத் துறைமுகத்தில் தலைமை டாலி. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, கிடங்கில் வரிசை வரிசையாக அடுக்கவைத்து, இத்தனை மூட்டை என்று வாயால் சொல்வது டாலி வேலை. அப்படி அடுக்குவதை அட்டி போடுவது என்போம். என் கீழ் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரும் காதில் பென்சில் சொருகியிருப்பார்கள். என் காதில் முடிதான் இருக்கிறது. மூட்டைக் கணக்கில் நான் பிசகியது இல்லை. ஒருமுறை கப்பல்காரன் கணக்கும் என் கணக்கும் இடித்தது. கடைசியில் கப்பலின் அடித்தட்டில் மூன்று மூட்டைக்குப் பின்னால் ஒரு மூட்டை ஒளிந்திருந்தது. அந்தக் காப்டன் என்னிடம் தொப்பியைக் கழற்றினார். வெயிலுக்காகக் கழற்றினார் என்று சிலர் சொல்கிறார்கள்.

இப்படி இருந்தவனுக்குப் போன வருடம் துறைமுக ஆபீசிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. தலைமை டாலிகள் எல்லாரும் ஐந்தாம் வகுப்பு வரை கணக்குப் படித்ததற்கு அத்தாட்சி காட்டவேண்டும். நாலு மாதம் தவணை. காட்டாவிட்டால் பழையபடி வெயிலில் நின்று மூட்டை எண்ணும் சாதாரண ஆள். நிழலில் நான் உட்காரும் முக்காலி, அத்தாட்சி வைத்திருக்கும் வேறொருவனுக்கு.

அந்த வேறொருவன் என் பன்னிரண்டு பேரில் ஒரு சின்னப் பையன் என்பதும் தெரிந்துவிட்டது. அவன் ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து என் முக்காலியில் உட்கார்ந்து கால் எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

நான் நேரே ஆபீஸ் கிராணியிடம் போனேன். இங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள்.

"அத்தாட்சி எதுக்கு? கேள்வி கேளுங்க. சொல்றேன்."

"அண்ணே, உங்க மண்டையை நான் பைலில் கோக்க முடியாது. காகிதம் வேணும்."

"கேளுங்க, பார்க்கலாம்."

"முப்பத்தாறு அட்டி. அட்டிக்கு நூற்றெட்டு மூட்டை."

"மூவாயிரத்து எண்ணூற்றெண்பத்தெட்டு" என்றேன். அவர் வாயை மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். முதல் தடவை வேறு என்னவோ வந்தது. இரண்டாம் தடவை நான் சொன்னது வந்தது.

"சரியாத்தான் இருக்கு. ஆனாலும் காகிதம் வேணும்" என்றார்.

3

நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கிடையாது. காலடிப்பேட்டையில் ரயில் கேட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குமுன் அதில் உப்பு மூட்டை வைத்திருந்தார்கள். நாங்கள் சுவரை நக்கிப் பார்த்து அதை உறுதி செய்துகொண்டோம். ஒரே வாத்தியார். ஒரே பிரம்பு. முப்பது பிள்ளைகள்.

புத்தகம், நோட்டு எதுவும் இல்லை. கணக்கு முழுக்க வாயில்தான். வாத்தியார் ஒரு தடவை ராகம் போட்டுச் சொல்வார். நாங்கள் உடம்பை ஆட்டிக்கொண்டு இரண்டு தடவை கத்துவோம். வாய்பாடு மட்டுமா? அரைக்கால், வீசம், காணி, முந்திரி என்று ஒன்றைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளுக்கும் வாய்பாடு. ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்டவன் வெளியே வெயிலில் நின்று அதற்கு விடை தேடலாம். நான் ஒரே ஒரு முறை கேட்டேன். விடை கிடைக்கவில்லை, தலைவலி கிடைத்தது.

வாத்தியாரிடம் கடிகாரம் கிடையாது. காதும் கொஞ்சம் மந்தம். ஆனால் கெட்டிக்காரர். கொட்டகைக்கு வெளியே தெருவில் எப்போதும் மாட்டு வண்டிச் சத்தம். ரயில் வரும்போது கேட்டை மூடுவார்கள், வண்டிகள் நின்றுவிடும், தெரு அடங்கும். அந்த அமைதியை வீணாக்கக்கூடாது என்று கடினமான எட்டாம் வாய்பாட்டை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். தினமும் காலையில் அத்திப்பட்டு உப்பு கூட்ஸ் வருவதற்காகக் கேட் மூடும். அவர் பிரம்பால் தரையில் ஒரு தட்டு தட்டுவார். ஓரெட்டு எட்டு!

கேட் மூடியதிலிருந்து எஞ்சின் வந்து ஊதுகிற வரைக்கும் சரியாக ஆறு வரி. ஆறெட்டு நாற்பத்தெட்டு முடிந்ததும், கேட்டுக்குள் குனிந்து நுழைகிறவர்களை மிரட்ட எஞ்சின்காரர் விடாமல் ஊதுவார். வாத்தியார் வாய் அசையும். ஒரு எழுத்தும் கேட்காது. அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாததால் நாங்களும் எஞ்சினோடு சேர்ந்து "ஏழெட்டு கூஊஊ" என்று இரண்டு தடவை கத்துவோம். அவர் எங்கள் வாய்களைப் பார்ப்பார். எல்லா வாயும் திறந்திருக்கும். திருப்தியாகத் தலையாட்டுவார். எஞ்சின் போனதும் எட்டெட்டு அறுபத்துநாலு.

இதில் மிகப் பெரிய கலைஞன் ஒருவன் இருந்தான். கேட்டடியில் வறுத்த பட்டாணி விற்றவரின் மகன். அவனையும் பட்டாணி என்றே கூப்பிடுவோம். எங்கள் கூ எஞ்சினோடு நின்றுவிடும். பட்டாணியின் கூ, எஞ்சின் தண்டையார்பேட்டை தாண்டினாலும் நிற்காது. கடைசியில் ஒரு சின்ன இழுப்பு வேறு வைப்பான். அவன் பிறகு ராயபுரம் பக்கம் ஏதோ பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான்.

நான் ஐந்து வருடம் அங்கே படித்தேன். ஐந்து வருடமும் உப்பு கூட்ஸ் ஒருநாள்கூட லேட்டாக வரவில்லை.

4

ஆக, கணக்கில் புலியான எனக்கு ஏழெட்டு மட்டும் வராது. விரல் விட்டு எண்ணினால் எண்ணலாம். ஆனால் டாலி வேலையில் விரலுக்கு நேரம் ஏது? வாய்தான் ஓடவேண்டும். வாய் ஓடிவந்து அந்த இடத்தில் கூ என்றுவிடும்.

முப்பது வருடமாக இதைச் சமாளித்ததில்தான் என் மூளை தெரியும். என் கிடங்கில் ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு மூட்டை என்று வைக்க நான் விட்டதே இல்லை. ஆறு வரிசை, இல்லை ஒன்பது வரிசை. யாராவது தெரியாமல் ஏழெட்டாக அட்டி போட்டுவிட்டால் பிரிக்கச் சொல்லிவிடுவேன். தலைவருக்கு ஏழெட்டு ராசியில்லை என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ஒரு சீனக் கூலிக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு எட்டு பேர் உட்காரும் மேசை ஏழு போட்டிருந்தவர், என்னைக் கேட்டுவிட்டு ஒன்பதாக்கினார். நான் மறுக்கவில்லை. அறிவாளியைவிட ராசிக்காரனுக்கு மரியாதை அதிகம்.

வசந்தாவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் மௌனம். ஒரு சின்னப் பெருக்கலுக்கு அரைப்பக்கம் வரி வரியாக எழுதுகிறாள். நான் எட்டிப்பார்த்து முதல் வரியிலேயே விடையைச் சொல்லிவிடுவேன்.

"விடை முக்கியமில்ல நைனா. எப்டி வந்துச்சுன்னு எழுதணும்லா."

"எப்டி வந்துச்சா? வாய்ல வந்துச்சு."

"அதுக்கு மார்க்கு இல்ல."

விடை சொன்னவனுக்கு மார்க்கு இல்லை. வழி தெரியாமல் அரைப்பக்கம் அலைந்தவனுக்கு மார்க்கு. காலம் இப்படி இருக்கையில் நான் யாரிடம் போய் அத்தாட்சி கேட்பது?

என்னோடு கொட்டகையில் படித்த தோழன் மஸ்தான். தண்டையார்பேட்டையில் சாக்குக் கடை வைத்திருக்கிறான். அவனுக்கு விவரம் எழுதிப்போட்டேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பதில் இவ்வளவுதான்: "கொட்டகை இல்லை. வாத்தியார் இல்லை. நான் கீறேன். வா."

பள்ளி விடுமுறையாக இருந்ததால் வசந்தாவையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினேன்.

5

துறைமுகத்தில் இறங்கி ஜட்கா பிடித்தோம். ராயபுரம் தாண்டியதும் குதிரை பறந்தது. வசந்தா பயந்துபோய் "பெலான், பெலான்!" என்று கத்தினாள். மலாயில் மெதுவாக என்று அர்த்தம்.

ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா நைனா, பாப்பா இன்னாத்துக்கு என்னிய திட்டுது?"

"திட்டல. மெதுவா போன்னுது."

"அத்த தமிள்ல சொன்னா குதிரைக்கே புரியுமே!"

மஸ்தான் கடை வாசலில் நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா மாமு, தொப்பை மட்டும் மொதல்ல எறங்கி வந்துட்ச்சி? நீ அடுத்த கப்பலா?"

"உன் தலைமுடி எங்கடா? போன கப்பல்ல போய்ட்ச்சா?"

முப்பத்திரண்டு வருட விசாரிப்பு அதோடு முடிந்தது. உடனே காலடிப்பேட்டைக்குக் கிளம்பினோம். கேட் இருந்தது. கொட்டகை ஒரு புயலில் பறந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்ததாம். இருந்த இடத்தில் இப்போது விறகுத்தொட்டி. நான் ஒரு விறகுக்கட்டையின் மேல் ஏறி நின்று, இங்கேதான் நான் உட்கார்ந்திருந்தேன் என்று வசந்தாவுக்குக் காட்டினேன். விறகுக்கடைக்காரர் எத்தனை கட்டை வேண்டும் என்று கேட்டார்.

வழியெல்லாம் மஸ்தான் இப்போதைய படிப்பைப் பற்றிப் பொரிந்து தள்ளினான். அவனுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் மூன்று காலத்துக் கணக்கு.

"பெரியவன் நம்மள மாதிரி பாடிகினு படிச்சான். நடுவுலவன் சண்டைக் காலத்துல படிச்சான்பா. அவன் கணக்குல ஒரு தொட்டி. ஒரு கொயா தண்ணிய ரொப்புதாம், இன்னொரு கொயா காலி பண்ணுதாம். எப்ப ரொம்பும்னு கேக்கறான். நம்ம தெருவுல எந்தக் கொயால தண்ணி வந்துச்சு அப்ப? நான் சொன்னேன், மொதல்ல அந்தக் காலி பண்ற கொயாவ மூடுடா, பேஜாரு புடிச்சவனேன்னு. அதுக்கு அவன் வாத்தியாரு என்னிய கூப்ட்டு உட்டாரு."

"சின்னவன்?"

"அவன் புளியங்கொட்டைய பரப்பி வெச்சிகினு கீறான். கணக்கு இன்னாடான்னா வெளயாட்றேன்றான். வெளயாட்றியான்னா கணக்குன்றான்."

6

அந்தச் சின்னவன் படிக்கும் புதுப்பள்ளிக்கூடம் விறகுத்தொட்டிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஹெட்மாஸ்டருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பொறுமைசாலி. நான் வந்த விஷயத்தை ஒரு மணி நேரம் சொன்னேன். நடுவில் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை.

"ஐயா, நீங்கள் படித்த இடத்துக்குப் பதிவேடு எதுவும் இல்லை. ஒன்று செய்யலாம். நாளைக்கு ஐந்தாம் வகுப்பில் வந்து உட்காருங்கள். நான் பார்த்ததை எழுதித் தருகிறேன். ஆனால் கல்வி ஆபீசில் மேற்கையெழுத்து இல்லாமல் அது செல்லாது."

மறுநாள் ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் மோவாயில் இடித்தது. வசந்தா பெண்பிள்ளைகள் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னைத் தெரியாதவள் மாதிரி இருந்தாள். மஸ்தான் ஜன்னலுக்கு வெளியே நின்றான்.

கரும்பலகையில் ஒரு மூன்றும் ஒரு ஐந்தும், நடுவில் ஒரு புள்ளியும் இருந்தன. சாக்பீஸ் தூள் என்று நினைத்து, உதவியாக இருக்கட்டுமே என்று எழுந்துபோய்த் துண்டால் துடைத்துவிட்டேன். வகுப்பே "ஐயோ!" என்றது. அந்த ஒரு துடைப்பில் மூன்றரை முப்பத்தைந்தாகிவிட்டதாம். எங்கள் காலத்தில் அரை என்றால் அரை. ஒரு துண்டு பட்டால் பத்து மடங்காகிற அரையை நாங்கள் வைத்துக்கொண்டதில்லை.

பிறகு ஹெட்மாஸ்டரே வாய்க்கணக்கு கேட்டார். பதின்மூன்று பதினாலு? நூற்றெண்பத்திரண்டு. இருபத்தைந்து பதினாறு? நானூறு. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஒரு பையன் பயத்தில் எனக்கு அவனுடைய பலப்பத்தைக் கொடுத்தான். நான் வசந்தா பக்கம் பார்த்தேன். அவள் இப்போது பக்கத்துப் பெண்ணிடம், அது எங்க நைனா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லது ஐயா. ஒரு கிடங்கில் ஏழு வரிசை. வரிசைக்கு எட்டு மூட்டை. மொத்தம்?"

"கூ!" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு கூ கேட்டது. மஸ்தான்.

வகுப்பு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஹெட்மாஸ்டருக்கு ரயில் சங்கதியைச் சொன்னேன். அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினார்.

"அப்படியானால் ஏழெட்டு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதுன்னு யார் சொன்னது? சொல்ல வராது."

வசந்தா எழுந்தாள். "நைனா, ஏழாம் வாய்பாட்டுல எட்டேழு எவ்ளோ?"

"ஐம்பத்தாறு." ஏழாம் வாய்பாட்டுக்கு ரயில் கிடையாது.

"ஏழெட்டும் அதேதான்லா!"

"அது எப்டி? அது ஏழாம் வாய்பாடு. இது எட்டாம் வாய்பாடு. ரெண்டும் வேற வேற வூடு."

ஹெட்மாஸ்டர் சொன்னார், "குழந்தை சொல்வது சரி ஐயா. ஏழு எட்டும் எட்டு ஏழும் ஒன்றுதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் துறைமுகத்துல இருக்கறவன். என்கிட்ட இதைச் சொல்லக்கூடாது. ஏழு பேர் ஆளுக்கு எட்டு மூட்டை தூக்கறதும், எட்டு பேர் ஆளுக்கு ஏழு மூட்டை தூக்கறதும் ஒண்ணா? அந்த எட்டாவது ஆளுக்கு மத்தியானம் சோறு யார் போடறது?"

"சோறு இந்தக் கணக்கில் வரவில்லை ஐயா."

"சோறு வராத கணக்கு இன்னா கணக்கு?"

"அப்டி கேளு தோஸ்து!" என்றான் மஸ்தான் ஜன்னலிலிருந்து.

ஹெட்மாஸ்டர் புளியங்கொட்டைகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு. எண்ணிப் பார்க்கச் சொன்னார். எண்ணினேன். பிறகு, "கொட்டையைத் தொடாதீர்கள். நீங்கள் மட்டும் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து நின்று பாருங்கள்" என்றார்.

வந்து நின்றேன். எட்டு வரிசை, வரிசைக்கு ஏழு.

மறுபடி அந்தப் பக்கம் போனேன். ஏழு வரிசை. இந்தப் பக்கம் வந்தேன். எட்டு. மேசையை நாலு முறை சுற்றினேன். யாரும் ஒரு கொட்டையையும் நகர்த்தவில்லை. நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டேதான் சுற்றினேன். 

விடை எனக்கு ஏழு வயதிலிருந்தே தெரிந்திருக்கிறது. முப்பது வருடமாக ஒவ்வொரு அட்டிக்கும் ஒரே பக்கத்தில் நின்றுவிட்டேன். நாலு அடி தள்ளி நின்று பார் என்று சொல்ல எங்கள் கொட்டகையில் ஆளும் இல்லை, தள்ளி நிற்க இடமும் இல்லை. இதை ஒப்புக்கொள்வதால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஒரே தடவையில் இதைப் புரிந்துகொண்ட பெரியவரை ஹெட்மாஸ்டர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். நாலு தடவை என்று வசந்தா சொல்வாள்.

7

ஹெட்மாஸ்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தோடு கல்வி ஆபீசுக்குப் போனோம். மூன்று நாள் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நாலாவது நாள் உள்ளே விட்டார்கள். மறுநாள் என் கப்பல்.

அதிகாரிக்கு என் வயது இருக்கும். கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. ஒரு கட்டு பைல்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்.

"காலடிப்பேட்டை ரயில் கேட் அருகில் பள்ளிக்கூடமா? இலாகா பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை."

"இருந்தது சார். தகரக் கொட்டகை."

"இருந்ததே இல்லை. எனக்குத் தெரியாதா?"

மஸ்தான் சட்டையைத் தூக்கினான். "சார், நாங்க ரெண்டு பேரும் அங்க அடி வாங்கனவங்க. தயும்பு கீது, பாருங்க."

"தழும்பு ஆவணம் ஆகாது. இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்தவருக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? நீங்கள் போகலாம்."

வாசல் பக்கம் பார்த்தேன். பினாங்கில் அந்தப் பையன் என் முக்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டுவது அங்கிருந்தே தெரிந்தது. எனக்கு வேறு ஆவணம் இல்லை. இருந்தது வாய் ஒன்றுதான். கொட்டகையின் ராகத்தில், உடம்பை ஆட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"ஓரெட்டு எட்டு!"

மஸ்தான் சட்டையை இறக்கிவிட்டுச் சேர்ந்துகொண்டான். ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்துநாலு. அதிகாரி நிறுத்தச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டேயிருந்தார். ஆனால் ஒவ்வொரு கையெழுத்தின் கடைசிக் கோடும் எங்கள் ராகத்துக்குச் சரியாக விழுந்தது. நாலெட்டு முப்பத்திரண்டு. ஐயெட்டு நாற்பது. ஆறெட்டு நாற்பத்தெட்டு. புதுசாகக் கற்றதை விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "ஏழெட்டு ஐம்பத்தாறு!" என்றேன். மஸ்தானும் ஐம்பத்தாறு என்றான்.

நாற்காலியிலிருந்து, "கூஊஊ" என்று வந்தது.

நீளமான கூ. கடைசியில் ஒரு சின்ன இழுப்பு.

பேனா நின்றது. தங்க விளிம்புக் கண்ணாடி மெல்ல நிமிர்ந்தது.

"பட்டாணி!" என்றான் மஸ்தான்.

அதிகாரி எழுந்து ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். "டேய், கத்தாதடா! வெளில பியூன் கீறான். நான் ஒண்ணாம் வகுப்புலேந்தே பெரிய ஸ்கூல்ல படிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிகீறேன்."

"ஏன்டா, இவ்ளோ பெரிய ஆபீசரு, உனுக்கும் ஏழெட்டு தெரியாதா?"

"தெரியும்டா. எல்லாப் பரீட்சையிலயும் ஐம்பத்தாறுன்னு கரீட்டா எழுதி பாஸ் பண்ணிகீறேன். கை தாண்டி போய்ட்ச்சி. வாய் மட்டும் அந்த கேட்டாண்டயே நின்னுட்ச்சி."

அவர் உட்கார்ந்து, பழையபடி அதிகாரியாகி, ஹெட்மாஸ்டரின் காகிதத்தின் கீழே எழுதினார்: "இவருடைய கணக்கறிவு ஐந்தாம் வகுப்புக்குக் குறையாதது. இதை நான் நேரில் அறிவேன்." கையெழுத்து. முத்திரை. நேரில் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடும் போட்டார்.

கிளம்பும்போது கதவைத் திறக்குமுன் மெதுவாகக் கேட்டார். "உப்பு கூட்ஸ் இப்பவும் வருதாடா?"

"வருது. ஆனா லேட்டா வருது" என்றான் மஸ்தான்.

8

காகிதம் பைலில் ஏறியது. அதன் நகல் கண்ணாடி போட்டு என் வீட்டுச் சுவரில் ஏறியது. முக்காலி என்னுடையதாகவே இருக்கிறது. அந்தப் பையனுக்கு வேறு முக்காலி கொடுத்திருக்கிறார்கள், என்னுடையதைவிடக் குட்டை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே ஏழு வரிசையில் எட்டு மூட்டை வைத்து அட்டி போடச் சொன்னேன். ஆட்கள் நடுங்கினார்கள். ஒருவர் ஊதுவத்தி ஏற்றினார். நான் அட்டியைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் நின்று, "கூ... ஐம்பத்தாறு!" என்றேன். கூ போகவில்லை; போகவும் போகாது. ஆனால் அது ஊதி முடித்த பிறகு விடை வருகிறது.

வசந்தாதான் மாறிவிட்டாள். ஊருக்குப் போய்வந்ததிலிருந்து தமிழில் தானாகவே எட்டாம் வாய்பாட்டைப் பாடுகிறாள், வேண்டுமென்றே கூ போடுகிறாள். அதை வகுப்புக்கும் கொண்டுபோய்விட்டாள் என்பது அந்தக் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் இப்போது காலடிப்பேட்டைக் கேட்டில் நிற்கிறார்கள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். திட்ட வரவில்லை.

கடிதத்தின் அடியில் தகப்பனார் விளக்கம் என்று நாலு கோடு விட்டிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல வசந்தாவே இங்கிலீஷில் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன், இந்த முறை காகிதத்தை நேராகப் பிடித்து.

"அம்மணி, என் மகளுக்கு விடை தெரியும். எங்கள் ஊரில் ஏழெட்டுக்கு முன்னால் ஒரு ரயில் போகவேண்டும். தயவுசெய்து கேட்டுக்கு வெளியே சற்றுப் பொறுக்கவும். வண்டி போனதும் சொல்லிவிடுவாள்."